தங்கச்சியின் அளவு சுடிதார்

அறந்தாங்கியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பெண்களுக்குத் துணி தைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி வாயால் சொல்வதை நம்பக் கூடாது. "ஒரு வேளைதான்க்கா சாப்பிடுறேன்" என்பார்கள். டேப்பைச் சுற்றினால் டேப் வேறு கதை சொல்லும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. நாற்பது வந்தால் முப்பத்தெட்டு என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நோட்டில் நாற்பதை எழுதிக்கொள்வேன். அவர்களுக்கும் சந்தோஷம், துணியும் சரியாக உட்காரும்.

இரண்டு மூன்று வருஷமாக இந்த லேசர் பேச்சு என் கடைக்குள்ளும் வந்துவிட்டது. முதலில் போனில் வீடியோவாகத்தான் வந்தது. வயிறு சரிந்த பெண் ஒருத்தி கட்டிலில் படுப்பாள், சிவப்பு வெளிச்சம் எரியும், எழுந்திருக்கும்போது இடுப்பு கையளவு இருக்கும். "கத்தி இல்லக்கா, தையல் இல்லக்கா, ஊசி ஓட்டை மாதிரி சின்ன ஓட்டை. லேசர் உள்ள போயி கொழுப்பை உருக்கிடும். குழாய் வச்சு உறிஞ்சி எடுத்துருவாக. மறுநாளே அடுப்படியில நிக்கலாம்" என்று துணி கொடுக்க வருகிறவர்களெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார்கள். என்னடி இது, வெண்ணெயா உருக்குவதற்கு என்று கேட்டால், ஒனக்கு ஒண்ணும் தெரியாது என்பது போல ஒரு சிரிப்பு.

யாரும் செய்துகொண்டதாக மட்டும் சொல்ல மாட்டார்கள். பெரிய வீட்டு அம்மா ஒருவர் ஒன்பது ஜாக்கெட்டைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் இடுப்பில் பிடித்துச் சிறிதாக்கிக் கொடுக்கச் சொன்னார். "காலையில வாக்கிங் போறேன்" என்றார். அளவெடுக்கும்போது சேலைக்குள் இறுக்கமாக ஒரு பெல்ட் கையில் தட்டுப்பட்டது. விலாவுக்குக் கீழே மிளகு அளவுக்கு இரண்டு தழும்பு. வாக்கிங் போனால் இடுப்பில் ஓட்டை விழுமா? நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து அதே ஜாக்கெட்டுகளுக்குக் கையை மட்டும் பிரித்துவிடச் சொல்லி வந்தார். வயிற்றிலிருந்து போனது கைக்கு வந்துவிட்டதோ என்று எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தேகம். கேட்டால் மழை காலம், வாக்கிங் போகவில்லை என்பார்.

இப்படியெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு முன்னால்தான் என் தங்கச்சியே வந்து நின்றாள்.

அவள் எனக்கு ஒன்பது வயது இளையவள். இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டுக்காரர் கத்தாரில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். ஒரே மகள் வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் இவள் மட்டும்தான். ஒரு வருஷமாக அவளுக்கு வயிறு போட்டுக்கொண்டே வந்தது. தனியாக இருக்கிற பெண், போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள், வேறென்ன என்று நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன். "காலாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா வயிறு வைக்காம என்ன செய்யும்?" அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

அன்றைக்கு ஒரு பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உள்ளே இரண்டு புதுத் துணி, கூடவே அளவு சுடிதார். எங்கள் பக்கம் பழகிய ஆட்களுக்கு டேப் வைப்பது அபூர்வம். நன்றாக உட்கார்ந்த பழைய துணி ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதை விரித்துப் போட்டு அந்த அளவுக்கே வெட்டிவிடுவோம். என் தங்கச்சியின் அளவு சுடிதார் ஒரு நீலக் காட்டன். அதற்கு நானே இரண்டு தடவை பக்கத்துத் தையலைப் பிரித்து வயிற்றுப் பக்கம் விட்டுக் கொடுத்திருக்கிறேன். கை தொளதொளவென்று இருக்கிறது என்றாள் என்று அதே இரண்டு தடவையும் கையைப் பிடித்தும் கொடுத்திருக்கிறேன்.

"அவுக வாராகக்கா. நாப்பது நாள்ல."

"என்னடி, இன்னும் ஆறு மாசம் இருக்கே?"

"முன்னாடியே லீவு கேட்டிருக்காக. ஏன்னு நான் கேக்கல" என்றாள். அப்புறம் குரலை இறக்கி, "இதுல வயித்துப் பக்கம் நாலு இஞ்சு கொறைச்சுத் தச்சுருக்கா. அதுக்குள்ள கொறைஞ்சிருவேன்" என்றாள்.

நாற்பது நாளில் நாலு இஞ்சு! எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. போனைப் பிடுங்கிப் பார்த்தேன். லேசர், லேசர், லேசர். ஒன்றைத் தள்ளினால் அடுத்தது. நான் கத்த ஆரம்பித்தேன். அவள் கத்தவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

போன வாரம் கறம்பக்குடியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். நல்ல கூட்டம். முன்பின் தெரியாத ஒரு பெண் எழுந்து, "உக்காருத்தா. எத்தனையாவது மாசம்?" என்று இடம் கொடுத்திருக்கிறாள். பின் சீட்டில் எங்கள் தெருக்காரி ஒருத்தி. தொண்டையைச் செருமினாளாம்.

"இல்லைன்னு சொல்ல வாய் வரலக்கா. உக்காந்துட்டேன்."

வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கு மேல் அவள் சொல்லவும் வேண்டாம், நான் கேட்கவும் வேண்டாம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஆம்பளைகள் வெளிநாட்டில். அந்த வீடுகளில் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு லைட் அணைகிறது என்று எதிர் வீட்டுக்கு மனப்பாடம். அவர் விமான நிலையத்தில் இறங்கும்போது இந்த வயிறு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

பையைக் கொடுத்த பிறகும் அவள் போகவில்லை. மேஜைக்குப் பக்கத்திலேயே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். டேப் என் கழுத்தில்தான் கிடந்தது. நான் நீலச் சுடிதாரை எடுத்து விரித்து அளக்க ஆரம்பித்தேன். "வாரேன்க்கா" என்று போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்து அனுப்பியிருந்தார்கள். இலவச உடல் வடிவமைப்பு ஆலோசனையாம். தனியாகப் போனால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று நானும் கூடவே போனேன். மணமக்கள் உட்கார்கிற மேடையில் ஒரு கட்டில், ஒரு மெஷின், மைக்கோடு ஒரு கோட்டுக்காரர். கீழே நாற்காலி எல்லாம் பெண்கள். முகத்தை மறைத்தபடி சிலர். எனக்குப் பாதிப் பேரைத் தெரியும், அவர்கள் அளவும் தெரியும். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை.

இலுப்பூரிலிருந்து வந்ததாகச் சொல்லி ஒரு பெண்ணை மேடையேற்றினார்கள். யூனிபார்ம் போட்ட பெண் ஒருத்தி அளவெடுத்தாள். "நல்லா மூச்சை விட்டு, ப்ரீயா நில்லுங்க" என்றாள். டேப் தொப்புளுக்கு நேராகவே போயிற்று. சென்டிமீட்டரில் நூற்றிரண்டு என்று மைக்கில் சொன்னார்கள். பிறகு வயிற்றில் பட்டையைக் கட்டி இருபது நிமிஷம் சிவப்பு வெளிச்சம். எழுப்பி மறுபடி அளந்தாள். "நிமிந்து நில்லுங்க, கையை மேல தூக்குங்க." டேப் இப்போது தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே போயிற்று. போதாததற்கு இழுத்துப் பிடித்தாள். தொண்ணூற்றெட்டு! மண்டபமே கை தட்டியது. இது சும்மா வெளியே காட்டுகிற வெளிச்சம்தான், திருச்சிக்கு வந்தால் உள்ளேயே லேசரை விட்டு ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று கோட்டுக்காரர் ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! யாரிடம் காது குத்துகிறார்கள்? டேப்பை எங்கே வைத்தால் எத்தனை குறையும் என்று எனக்கா தெரியாது? மேடையேறிவிட்டேன். "இங்கிட்டு வாத்தா" என்று அந்தப் பெண்ணைத் திருப்பி, என் டேப்பை எடுத்துத் தொப்புளுக்கு நேரே சுற்றினேன். நூற்றிரண்டு. ஒரு நூல் குறையவில்லை. கீழே திரும்பி, "பாத்துக்கங்கடி, நூத்திரெண்டு!" என்று கத்தினேன். கோட்டுக்காரர் மைக்கை அணைத்துவிட்டு, "அம்மா, நீங்க யாரு, யாரு அனுப்புனா?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். சிலர் எழுந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கச்சியைத் தேடினேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது.

வாசலில் வண்டி நிறுத்துகிற இடத்தில் சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாரையும் என்னைத் திரும்பிப் பாக்க வச்சுட்டியே. ஒந் தங்கச்சி எதுக்கு வந்திருக்கான்னு இப்ப ஊருக்கே தெரியும்."

"ஏமாத்துறாங்கடி! கண்ணால பாத்தியா இல்லையா?"

"ஏமாத்தட்டும்! ஒனக்கு அவன் மேல சந்தேகம், டேப் மேல சந்தேகம், மெஷின் மேல சந்தேகம். நான் என்ன செய்யிறது? அதச் சொல்லு."

சோற்றைக் குறை என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். எட்டு நாள் பேசவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. நானும் வீம்பாக இருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை கடை ஜன்னலைத் திறந்தபோது கீழே பஸ் ஸ்டாண்டில் அவள் திருச்சி பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தேன். கையில் மாற்றுத்துணிப் பை. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் புறப்படுகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புதுக்கோட்டையில் பஸ் நின்றதும், "இது அந்த முகாம்காரங்க இல்ல. வேற டாக்டர். லேடி டாக்டர்" என்றாள். எவளாயிருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

கிளினிக் கண்ணாடியும் குளிருமாக இருந்தது. சுவர் முழுக்கப் படம், செய்வதற்கு முன், செய்த பின் என்று. முன் படத்தில் எல்லாரும் தோளைத் தொங்கப் போட்டிருந்தார்கள். பின் படத்தில் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுத்து நிமிர்ந்து நின்றார்கள். ஒரு படத்தில் கால்சட்டையே இரண்டு இஞ்சு மேலே ஏறியிருந்தது. நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். "சும்மா இருக்கா" என்று பல்லைக் கடித்தாள்.

டாக்டருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். காலில் கேன்வாஸ் ஷூ. இவளா டாக்டர் என்று நினைத்தேன். தங்கச்சியைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் அமுக்கினாள், மறு பக்கம் அமுக்கினாள், விரலால் தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இது கொழுப்பு இல்லம்மா. நான் இதுல கை வைக்க மாட்டேன். மொதல்ல ஸ்கேன் எடுக்கணும்."

எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஸ்கேன் சென்டரும் இவளும் கூட்டு. லேசர் பணம் போதாதென்று இதிலேயும் கறக்கப் பார்க்கிறாள். "எங்க ஊர்ப் பக்கமே எடுத்துக்கிறோம்ங்க" என்றேன், வெடுக்கென்று. அவள் கோபப்படவில்லை.

"எங்க வேணாலும் எடுங்க. இங்க திரும்பி வரக்கூட வேணாம். ஆனா இன்னைக்கே எடுங்க" என்றவள், தங்கச்சியின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "கை காலெல்லாம் இவ்வளவு மெலிஞ்சிருக்கு, வயிறு மட்டும் ஏறியிருக்கு. எப்ப இருந்து இப்படி?"

தங்கச்சி யோசித்தாள். பதில் எனக்குத்தான் தெரியும். ஒரு வருஷமாக. இரண்டு தடவை கையைப் பிடித்திருக்கிறேன், அதே இரண்டு தடவை வயிற்றை விட்டிருக்கிறேன், ஒரே துணியில், ஒரே மெஷினில் உட்கார்ந்து. தின்று கொழுத்த உடம்பில் கை மெலியுமா? கைத்தையலும் பக்கத்தையலும் என் கண் முன்னாலேயே எதிரெதிராகப் போயிருக்கின்றன. வேறு எவளாவது இப்படித் துணி கொண்டுவந்திருந்தால், அவளை நிறுத்தி டேப்பைப் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போடி என்று விரட்டியிருப்பேன். இவளை ஏன் நிறுத்தவில்லை?

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தெருவில் அந்தப் பேச்சு கிளம்புவதற்கு முன்னாலேயே அது என் மனதில் கிளம்பிவிட்டது. ஒரு நாள் அவள் கடைப் படியேறி மூச்சு வாங்க நின்றபோது, வயிறு நின்ற விதத்தைப் பார்த்து அவர் ஊரில் இல்லையே என்று நினைத்தேன். அந்த நினைப்பை அங்கேயே அமுக்கினேன், ஆனால் அது போகவில்லை. அன்றிலிருந்து நான் அவள் மேல் டேப் வைக்கவில்லை. வைத்தால் தெரிந்துவிடுமோ என்று பயம். ஒரு வருஷமாக ஏறிக்கொண்டே போகிற வயிறு பிள்ளை வயிறாக இருக்க முடியாது என்று கணக்குப் போடத் தெரியாதவளா நான்? தெரியும். ஆனாலும் சந்தேகம் கணக்குக் கேட்கவில்லை. அளவு சுடிதார் இருக்கே, அது போதும் என்று ஒவ்வொரு தடவையும் பையைத்தான் வாங்கி வைத்தேன்.

அன்றைக்கே திரும்புகிற வழியில் புதுக்கோட்டையில் இறங்கி ஸ்கேன் எடுத்தோம். என்னையும் உள்ளே விட்டார்கள். பசை தடவிக் கருவியை வயிற்றில் ஓட்டிய அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "கர்ப்பப்பையில ஒண்ணும் இல்ல, நல்லாயிருக்கு. பக்கத்துல சினைப்பையில பெரிய கட்டி இருக்கு. வயிறு பூராவும் அதான்" என்றார். தங்கச்சி திரையைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரத்தில் ஆபரேஷன். லேசர் எல்லாம் இல்லை, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். நல்ல பலாப்பழம் அளவு இருந்தது. அதைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவு வருகிற வரைக்கும் நான் சோறு தின்றேனா என்று எனக்கு நினைவில்லை. கெட்ட கட்டி இல்லை என்று வந்தது. அந்தக் கிளினிக்கில் லேசரை மட்டும் பார்க்கிறவர்கள் எவராவது அன்றைக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேன்வாஸ் ஷூ போட்ட அந்தப் பெண்ணுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

வார்டில் கண் விழித்த இரண்டாம் நாள் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பயந்துட்டியாடி என்று கேட்டேன்.

"இல்லக்கா. கட்டின்னு அந்தம்மா சொன்னதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு" என்றாள். "ரிப்போர்ட்டுல எழுதிக் குடுத்துருவாகல்ல. யாரு கேட்டாலும் காட்டலாம்."

கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே வந்தேன். குழாயடியில் நின்று வாய்விட்டு அழுதேன்.

அவள் வீட்டுக்காரர் சொன்ன தேதிக்கே வந்தார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், குறை சொல்ல முடியாது. ஆனால் முன்னதாகவே லீவு ஏன் கேட்டார், யார் போன் போட்டு என்ன சொன்னார்கள் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்த ரிப்போர்ட்டை அவர் இரண்டு தடவை படித்ததை மட்டும் நான் பார்த்தேன். முகாம்காரர்கள் இன்னும் எனக்குப் போன் போடுகிறார்கள். மண்டபத்து வாசலில் நம்பர் எழுதிக் கொடுத்தது நான்தானே. "மேடம், இந்த மாசம் ஆபர் இருக்கு" என்கிறார்கள். என் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

அவர் திரும்பிப் போன பிறகு ஒரு நாள் தங்கச்சி கடைக்கு வந்தாள். படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. வழக்கம்போலப் பையை மேஜையில் வைத்தாள். மேலே அதே நீலச் சுடிதார் மடித்திருந்தது.

"அளவு இதுல எடுத்துக்கக்கா. வயித்துப் பக்கம் மட்டும் பிடிச்சுரு."

நான் அதை எடுத்து மூலையில் போட்டேன். கழுத்திலிருந்து டேப்பை உருவினேன். "இங்கிட்டு வந்து நில்லு" என்றேன். வந்து நின்றாள். தோள் எலும்பு கையில் குத்தியது. நோட்டில் அவளுக்குப் புதுப் பக்கம் பிரித்தேன்.

"நீயும் நெனச்சல்லக்கா?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். நாற்பதை முப்பத்தெட்டு என்று சொல்கிற வாய்தானே.

"நெனச்சேன்டி. அதுக்குப் பயந்துதான் டேப்பு வைக்கல."

கீழே பஸ்காரன் புதுக்கோட்டை, புதுக்கோட்டை என்று கூவிக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றாள். "ஒவ்வொரு தடவையும் பையக் குடுத்துட்டு நிப்பேன்ல. இன்னைக்காவது அக்கா டேப்ப எடுக்கும், எடுத்தா என்னன்னு தெரிஞ்சிரும்னுதான் நிப்பேன்."

கையைத் தூக்கு என்றேன். தூக்கினாள்.